கச்சான் காற்றும் நச்சுக் காற்றும்

ஆண்டுதோறும் யூலை மாதம் பிறந்ததும் ஊவா மலைச்சரிவுகளிலே கச்சான் வீசத் தொடங்கிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றானது மத்திய மலைநாட்டின் மேற்குப் பக்கத்தே தன் நீரையெல்லாம் சொரிந்துவிட்டு, முகடுகளைக் கடந்து, வறண்ட காற்றாய்ப் பசறை, மடுல்சீமை, ஹாலிஎல, பண்டாரவளைப் பகுதிகளின் தோட்டங்கள்மீது இறங்கும். மண் காயும். பீலித் தண்ணீர் நூலாய் மெலியும். தேயிலைச் செடி வாடி வருந்தும். அவ்வருத்தத்திடையே தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுச் செடி தன்னுள்ளே சில இரசாயனப் பொருள்களை உண்டாக்கிக்கொள்கின்றது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் தேடிக்கொடுத்த அந்தக் குளிர்ச்சியான மணம் அவ்வாறு பிறந்ததே. செடியின் துன்பந்தான் கிண்ணத்தின் இன்பமாகின்றது என்று, பசறைப் பள்ளத்தாக்கின் தோட்டப் பாடசாலையொன்றிற் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்வதுண்டு. இன்று எழுபதைக் கடந்துவிட்ட அவருடைய வாழ்க்கையிலே காற்று, நஞ்சு, அச்சம் என்னும் மூன்றும் பலமுறை ஒன்றையொன்று சந்தித்துள்ளன.

2013ஆம் ஆண்டின் ஊவாப் பருவம் நடந்துகொண்டிருந்த வேளை. ஓகஸ்ட் மாதம் 21ஆம் நாள் சிரியாவின் தலைநகராகிய தமஸ்கஸின் புறத்தேயுள்ள கூட்டாப் பகுதியில், உறக்கத்திலிருந்த மக்கள்மீது நச்சு வாயு நிரப்பிய எறிகணைகள் வீழ்ந்தன. நூற்றுக்கணக்கானோர் உடலிற் காயமெதுவுமின்றி மாண்டனர். அமெரிக்கா படைகொண்டு தாக்கப் போகின்றது என்ற செய்தி வானொலியில் நாள்தோறும் ஒலித்தது. மாலையிலே கொழுந்து நிறுத்துத் திரும்பிய பெண்ணொருத்தி ஆசிரியரின் வாசலில் நின்று, "வாத்தியாரய்யா, எங்கேயோ சிரியாவாம், அங்க சண்டை பெருத்தா நம்ம தேயிலை வெல விழுந்துருமாமே, மெய்யா?" என்று கேட்டாள். அவள் கேள்வி பேதைமை உடையதன்று. இலங்கை அவ்வாண்டிலே 30 கோடி கிலோகிராமுக்கு மேற்பட்ட தேயிலையை ஏற்றுமதி செய்தது. அதனை வாங்கிய முன்னணி நாடுகளிற் சிரியாவும் ஈராக்கும் ஈரானும் துருக்கியும் அடங்கும். அவளது அடிப்படை நாட்கூலி அன்று 450 ரூபா. தமஸ்கஸில் நச்சுக் காற்று வீசினால் பசறையில் ஓர் அடுப்பு அணையக்கூடும் என்பதை அவள் எவரும் கற்பியாமலே அறிந்திருந்தாள்.

"விழவும் கூடும், விழாமலும் போகும்" என்று மட்டுமே ஆசிரியர் விடைகூறினார். அவள் போன பின்னர் நெடுநேரம் அவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். நச்சு வாயு என்ற சொல்லை அவர் வானொலியிற் கேட்டது அதுவே முதன்முறையன்று.

அவருடைய தந்தையார் தோட்டத்திலே மருந்தடிப்பவர். தோட்டத்துப் பேச்சில் நஞ்சுக்கு 'மருந்து' என்றுதான் பெயர். புல்லுக்கு மருந்து, பூச்சிக்கு மருந்து என்பர். உயிர்கொல்லும் ஒன்றை உயிர்காக்கும் ஒன்றின் பெயரால் அழைப்பதிலுள்ள முரணை அங்கு எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தகரத்தொட்டியை முதுகிற் சுமந்து, வாயிலே துணியைக் கட்டிக்கொண்டு, காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நடக்க வேண்டும் என்பதொன்றே அவர் தந்தையார்க்குக் கற்பிக்கப்பட்ட பாதுகாப்பு. கச்சான் வீசும் மாதங்களில் காற்று எத்திசையில் திரும்பும் என்று எவராலும் சொல்ல இயலாது. மாலையில் அவர் வீடு திரும்பும்போது கண்கள் சிவந்து நீர் வடியும். பிள்ளைகள் தம்மைத் தொடுவதற்கு முன் பீலிக்குச் சென்று குளித்துவருவது அவர் வழக்கம்.

பிற்காலத்தில் ஆசிரியர் நூல்களை வாசித்தபோது ஓர் உண்மை அவரைத் திடுக்கிடச் செய்தது. 1936இல் ஜேர்மனியிலே கெர்ஹார்ட் ஷ்ராடர் என்னும் இரசாயன அறிஞர் பூச்சிகொல்லியொன்றைத் தேடி ஆய்வு நடத்தியபோதே 'தபுன்' என்னும் நரம்பு நஞ்சைக் கண்டுபிடித்தார். அதனைத் தொடர்ந்து வந்ததே 'சரின்'. தோட்டங்களிலும் வயல்களிலும் தெளிக்கப்பட்ட ஒருவகைப் பூச்சிகொல்லியும், கூட்டாவில் வீழ்ந்த எறிகணையும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டும் நரம்பின் கட்டளையை அடக்கும் நொதியத்தைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்துவன. நஞ்சருந்திய ஏழை விவசாயிக்கு ஆசுபத்திரியில் ஏற்றப்படும் அத்திரோப்பின் என்னும் மருந்துதான் சரின் நஞ்சுற்றவனுக்கும் ஏற்றப்படுகின்றது. போர்க்களத்துக்கும் தேயிலை மலைக்கும் இடையிலே நாம் எண்ணிக்கொண்டிருக்கும் தூரம் அத்துணை பெரிதன்று.

வெளியாரின் தலையீடு என்பதும் ஊவாவுக்குப் புதிதன்று. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவா வெல்லசையில் எழுந்த கிளர்ச்சியை ஒடுக்கப் பிரித்தானியர் இந்தியாவிலிருந்தும் படை வரவழைத்தனர். பயிரும் கால்நடையும் குடியிருப்பும் அழிக்கப்பட்டன. அதன் பின்னரே மலைகளிற் கோப்பியும் தேயிலையும் ஏறின. அவற்றோடு தமிழகத்திலிருந்து ஆசிரியரின் முன்னோரும் ஏறினர். 1948இல் அவர்களுடைய வழிவந்தோரின் குடியுரிமை பறிபோயிற்று. 1964 ஒக்ரோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தமொன்றிற் கைச்சாத்திட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஆசிரியரின் பெரிய தந்தையார் குடும்பம் பதுளைப் புகையிரத நிலையத்தில் ஏறித் தலைமன்னார் வழியாகச் சென்றது. ஒரே லயத்து அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்ந்த தமையனும் தம்பியும் இரு நாட்டவராயினர். படையும் பீரங்கியும் வந்தாற்றான் தலையீடு என்பதில்லை. சம்பந்தப்பட்டவனைக் கேளாமலே அவன் தலைவிதியைப் பிறர் எழுதுவதும் தலையீடேயாம்.

1983 யூலைக் கலவரத்திலே பதுளை நகரின் தமிழர் கடைகள் எரிந்தன. ஆசிரியரின் தங்கை கணவர் நடத்திய சிறு கடையும் அவற்றுள் ஒன்று. அக்குடும்பம் பதுளையிலிருந்து லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையைப் பற்றிக் கீழிறங்கி, மட்டக்களப்புப் பக்கத்தே குடியேறியது. அன்றிரவு லயங்களிற் பலருடைய வாயிலும் ஒரே பேச்சே இருந்தது. இந்தியா வரும், வந்து காப்பாற்றும் என்பதே அது. அச்சமுற்றவன் அயலானின் கையை நாடுவதைக் குறைகூற இயலாது.

1986ஆம் ஆண்டின் தொடக்கம் மலையகத்தார் மறக்கலாகாத காலம். தைப்பொங்கலன்று சௌமியமூர்த்தி தொண்டமான் தலைமையிலே தொழிலாளர் பிரார்த்தனை இயக்கம் தொடங்கிற்று. வேலைக்குச் செல்லுமுன் கோயில் முன்றலிற் கூடி, அமைதியும் குடியுரிமையும் வேண்டி அவர்கள் வழிபட்டனர். நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. அதே காலப்பகுதியிற்றான், ஏற்றுமதித் தேயிலையிலே சயனைட் நஞ்சு கலக்கப்படும் என்ற மிரட்டல் தமிழ்ப் போராளிகளின் பெயரால் வெளியாகி உலகச் செய்தியாயிற்று. நாட்டின் பொருளாதாரத்தை முடக்குவதே அதன் நோக்கம். அந்த நஞ்சினால் எவரும் இறந்ததாகச் செய்தி வரவில்லை. ஆயினும் அம்மிரட்டல் எவர் கழுத்தின்மேல் வைக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். தேயிலை விலை வீழ்ந்தால் முதலிற் பட்டினி கிடப்பவள் தமிழ்ப் பெண்ணே. தேயிலையில் நஞ்சு கண்டால் முதலிற் சந்தேகிக்கப்படுபவளும் அதே தமிழ்ப் பெண்ணே. கொழுந்து பறித்ததும், வாட்டுத் தட்டிற் பரப்பியதும், தூளைப் பெட்டியில் அடைத்ததும் அவள் இனத்தவர் கைகளல்லவா? அவளுடைய விடுதலையின் பெயராற் பேசியவர்கள் அவளைக் கேட்டுக்கொண்டு பேசவில்லை.

அந்நாட்களில் ஆசிரியரின் வகுப்பிலே ஒரு சிறுவன், "சேர், எங்கம்மா பறிக்கிற கொழுந்திலயும் விசம் இருக்குமா?" என்று வினவினான். அவர் கரும்பலகையருகே சிறிது நேரம் பேச்சற்று நின்றார். பின்னர் மறுநாட் காலை வீட்டிலிருந்து தேநீர் கொண்டுவந்து, வகுப்பின் முன்னிலையில் ஊற்றிக் குடித்துக் காட்டினார். அறிவியல் முறைப்படி அது பெரிய நிரூபணம் அன்று என்பதை அவர் அறிவார். ஆயினும் பிள்ளைகளின் முகங்கள் தெளிந்தன. அச்சத்துக்கு முன்னால் ஒருவர் நின்று, 'வாருங்கள், பார்ப்போம்' என்று சொல்வதில் ஏதோவோர் ஆற்றல் உண்டு என்பதை அன்று அவர் கண்டுகொண்டார்.

எதிர்பார்த்த இந்தியா 1987இல் வந்தது. யூன் 4ஆம் நாள் யாழ்ப்பாணத்தின்மேல் விமானங்கள் உணவுப் பொதிகளை வீசின. யூலை 29ஆம் நாள் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் ராஜீவ் காந்தியும் கொழும்பில் உடன்படிக்கை செய்தனர். இந்திய அமைதி காக்கும் படை வடக்கிலும் கிழக்கிலும் இறங்கியது. காக்க வந்த படை ஒக்ரோபரிற் போரிடும் படையாயிற்று. 1990 மார்ச்சில் அது திரும்பியபோது ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்களும், கணக்கிலடங்காத பொதுமக்களும் மாண்டிருந்தனர். ஊவாத் தோட்டங்களில் இந்தியப் படை கால்வைக்கவேயில்லை. ஆயினும் அதன் நிழல் அங்கேயும் விழுந்தது. தொடக்க நாள்முதல் 'இந்திய விஸ்தரிப்புவாதம்' என்பதைத் தன் பாடங்களுள் ஒன்றாக வைத்திருந்த மக்கள் விடுதலை முன்னணி, தோட்டத் தமிழரை அவ்விஸ்தரிப்பின் கருவியாகச் சித்திரித்தது. 1987 முதல் 1989 வரை நடந்த அதன் இரண்டாவது கிளர்ச்சியிலே ஊவா பெரிதும் அல்லலுற்றது. ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞரும் மாண்ட காலம் அது. இந்தியப் பொருள்களைப் புறக்கணிக்க வேண்டும் என்ற கட்டளை பிறந்தபோது, பொருளை மறைத்து வைக்கலாம்; தோலையும் பெயரையும் எங்கே மறைத்து வைப்பது என்று லயத்து மக்கள் திகைத்தனர். வடக்கிலே ஒருவருக்கு நீட்டப்பட்ட கை, தெற்கிலே மற்றொருவரின் கழுத்துக்குச் சுருக்காயிற்று. தலையிடுவோர் தாம் கால்வைக்கும் நிலத்தை நோக்குகின்றனரேயன்றித் தம் நிழல் விழும் நிலத்தை நோக்குவதில்லை.

1990 யூனிற் போர் மீண்டும் மூண்டது. செங்கலடிப் பாதை அடைபட்டது. தங்கையிடமிருந்து கடிதம் நின்றுபோயிற்று. அம்மாதம் 18ஆம் நாள், செங்கலடிக்கு வடக்கேயுள்ள கிரானில், முற்றுகையிடப்பட்டிருந்த இராணுவ முகாமின்மீது விடுதலைப் புலிகள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டனர். கடதாசிக் கூழை வெளுப்பதற்கென அண்மையிலிருந்த ஆலையில் வைக்கப்பட்டிருந்த உருளைகளே ஆயுதமாயின. அறுபதுக்கு மேற்பட்ட படையினர் பாதிக்கப்பட்டனர். வாயுவின் ஒரு பகுதி காற்றோடு திரும்பி, அதனை விட்டவர்களின் பக்கமே வந்ததாகவும் கூறப்படுகின்றது. அரசல்லாத படையொன்று போர்க்களத்தில் இரசாயன ஆயுதம் பயன்படுத்திய முதல் நிகழ்ச்சி என ஆய்வாளர் இதனைக் குறிப்பர். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் களத்திலே ஜேர்மனியர் திறந்துவிட்ட அதே குளோரின், 75 ஆண்டுகளுக்குப் பின்னர் மட்டக்களப்பு மணலில் எழுந்தது.

பதுளைக்கு இச்செய்தி வதந்தியாகவே வந்து சேர்ந்தது. கிழக்கில் ஊரூராக நச்சுப் புகை விடுகிறார்களாம். ஆடுமாடெல்லாம் விழுந்துவிட்டனவாம் என லொறிக்காரர் வழியே வந்த பேச்சு, லயத்துக்கு லயம் வளர்ந்தது. ஆசிரியர் இரவிலே உறங்காது தங்கையின் பிள்ளைகளை எண்ணிக் கிடந்தார். தாம் சிறுவயதிற் கண்ட தந்தையின் சிவந்த கண்களே அவர் கனவில் வந்தன. நான்கு மாதங்களின் பின்னர்க் கடிதம் வந்தது. அவர்கள் உயிருடனிருந்தார்கள். ஆடுமாடும் இருந்தன. நச்சுப் புகை அவர்களுடைய ஊரை எட்டவேயில்லை. மூத்த மகன் மட்டும் வீட்டிலில்லை. அவனை எவர் கொண்டுசென்றனர் என்பதைத் தங்கை எழுதவில்லை. எழுதக்கூடிய காலமும் அதுவன்று. ஊரார் அனைவரும் காற்றை அஞ்சிக்கொண்டிருந்தபோது, பிள்ளையைக் காற்றா கொண்டுசென்றது? நச்சு வாயு எத்துணைக் கொடியதாயினும், அதனைக் காட்டிலும் மிகுதியான உயிர்களைத் துவக்கும் வெட்டுக்கத்தியும் இரவில் வரும் வாகனமும் கொண்டுசென்றன. பெரிய அச்சமொன்று சிறிய கொலைகளை மறைத்துவிடுகின்றது.

அச்சம் வெறும் பேச்சினாற் பெருகிக் கொலையாவதை ஊவா பின்னரும் கண்டது. 2000 ஒக்ரோபர் 25ஆம் நாள் பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவப் புனர்வாழ்வு முகாமில், அரசின் காவலிலிருந்த தமிழ் இளைஞர் 25 பேருக்கு மேற்பட்டோரை வெளியிலிருந்து திரண்டுவந்த கூட்டம் கொன்றது. ஆயுதந் தாங்கிய பொலிசார் அருகிலேயே இருந்தனர். பின்னர் நடந்த வழக்கிலே தண்டிக்கப்பட்டோரும் 2005இல் மேன்முறையீட்டில் விடுவிக்கப்பட்டனர். அங்கே நச்சு வாயு எதுவும் இருந்திலது. ஊரிற் பரவிய ஐயமே வாயுவாயிற்று.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குங்கால் ஆசிரியரின் மனத்தில் ஒரு வினா எழுவது இயல்பே. நச்சு வாயுவினால் மக்கள் கொல்லப்படும்போது அயலார் தலையிடுதல் வேண்டுமா, வேண்டாவா? 1988 மார்ச்சில் ஈராக்கின் ஹலப்ஜாவிலே ஏறத்தாழ 5,000 குர்திய மக்கள் நச்சு வாயுவால் மாண்டனர். அன்று உலகம் வாளாவிருந்தது. 2003இல் அதே ஈராக்கின்மீது, இரசாயன ஆயுதங்கள் உள்ளன என்ற காரணங் காட்டிப் படையெடுக்கப்பட்டது. தேடியவர்கள் அத்தகைய ஆயுதக் குவியலைக் காணவில்லை; பிணக்குவியலையே உண்டாக்கினர். உண்மையான நஞ்சின்போது மௌனமும், இல்லாத நஞ்சின்போது படையெடுப்பும் நிகழ்ந்தன. எனவே 'தலையிடுக' என்றோ 'தலையிடற்க' என்றோ ஒரே விடையை எல்லாக் காலத்துக்கும் எழுதிவைத்தல் அரிது.

சிரியாவின் நிகழ்ச்சி மூன்றாவதொரு வழியைச் சிறிதளவு காட்டிற்று. ஐக்கிய நாடுகள் சபையின் ஆய்வாளர் கூட்டாவுக்குச் சென்று, மண்ணையும் குருதியையும் எடுத்துச் சோதித்து, சரின் பயன்பட்டது உண்மையே என 2013 செப்ரெம்பரில் அறிவித்தனர். அமெரிக்காவும் ரஷ்யாவும் உடன்பட, சிரியா இரசாயன ஆயுதத் தடைச் சமவாயத்தில் இணைந்தது. 1997 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அச்சமவாயத்தை இலங்கை 1994இலேயே ஏற்றிருந்தது. ஏறத்தாழ 1,300 தொன் நச்சுப் பொருள்கள் 2014இன் நடுப்பகுதிக்குள் சிரியாவிலிருந்து அகற்றப்பட்டன. இது முழு வெற்றியன்று. 2017 ஏப்ரலிற் கான் ஷேக்கூனில் மீண்டும் சரின் வீழ்ந்தது; அறிக்கையிற் காட்டப்படாத நஞ்சு எஞ்சியிருந்தது என்பது புலனாயிற்று. போரும் அப்போது நிற்கவில்லை. ஆயினும் அகற்றப்பட்ட ஒவ்வொரு தொன்னும் ஏதோவொரு தெருவின்மீது விழாமற்போன நஞ்சு என்பதை மறுத்தலாகாது.

இதற்கோர் ஒப்புமையை நம் நாட்டிலேயே காணலாம். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாயிருந்தது. அவற்றுட் பெரும்பாலானவை பூச்சிகொல்லி அருந்தியவை. மிகக்கொடிய பூச்சிகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. பத்தாண்டுகளில் அவ்வீதம் பாதியாகக் குறைந்தது. தோட்டங்களிற் புல்லுக்கு அடித்த பரகுவாட்டும் பின்னர் விலக்கப்பட்டது. மனிதரின் துயரமும் சினமும் அப்படியே இருந்தன. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு மட்டுமே இருந்திலது. அதுவே பல்லாயிரவரை வாழவைத்தது. மனிதன் நல்லவனாகும்வரை காத்திராமல், நஞ்சை அவன் கையிலிருந்து முதலில் எடுத்துவிடுவதே அறிவுடைமை.

ஆயின் சோதிக்க வருபவனும் வெளியாளே. அவனும் கதவைத் தட்டியே உள்ளே வருகின்றான். ஒப்பந்தம் எழுதியவனிலும் குண்டு வீசியவனிலும் அவன் வேறுபடுவது ஒன்றிலேயாம். அவன் முதலிற் பாதிக்கப்பட்டவனை நோக்கிக் குனிந்து, 'உனக்கு என்ன நேர்ந்தது?' என்று கேட்கின்றான். 1964இலும் கேட்கப்படாத, 1986இலும் கேட்கப்படாத, 1987இலும் கேட்கப்படாத கேள்வி அது. தங்கையின் மகனைப் பற்றியும் அக்கேள்வியைக் கேட்டுக்கொண்டு இன்றுவரை எவரும் அவள் வாசலுக்கு முழுமனத்தோடு வரவில்லை. விண்ணப்பப் படிவங்கள் மட்டுமே வந்து சென்றன.

2013இன் ஊவாப் பருவம் முடிந்தது. அமெரிக்கா அவ்வாண்டிற் சிரியாவைத் தாக்கவில்லை. கேள்வி கேட்ட பெண் மறுபடி ஆசிரியரின் வாசலுக்கு வந்தபோது, கையிலே சிறு பொட்டலமொன்று இருந்தது. மாதந்தோறும் தோட்டத்தில் தொழிலாளர்க்குக் கொடுக்கும் தூள் அது. கச்சான் மணந் தோய்ந்த முதற்றரத் தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போய்விட்டது. அதில் ஒரு பங்கு தமஸ்கஸின் கடைத்தெருவுக்கும் போயிருக்கும். ஆசிரியர் அடுப்பிலே தண்ணீர் வைத்தார். தூளை இட்டு வடித்து, அவளுக்கொரு கோப்பையும் தமக்கொரு கோப்பையுமாக ஊற்றினார். அவள் குடிக்குமுன், பழைய வழக்கம்போல, தாம் முதலில் ஒரு மிடறு பருகினார்.